காட்பாடி மேம்பாலத்தில் மட்டும் ஏறும் வெப்ப முள்: ஹெட் கேஸ்கெட்டைத்தான் மாற்ற வேண்டுமா?

குடியாத்தத்துக்காரன்:

வணக்கம். என்னுடையது 2006ஆம் ஆண்டு பெட்ரோல் கார். 1,18,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. தினமும் கே.வி.குப்பம், லத்தேரி வழியாக வேலூருக்கு வேலைக்குச் சென்று வருகிறேன். ஒரு மாதமாக, காட்பாடி ரயில்வே மேம்பாலத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதெல்லாம் வெப்ப முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது; நெரிசல் விட்டு ஐந்து நிமிடம் ஓடினால் தானாகவே இறங்கி, பாதிக்கும் கீழே நின்றுகொள்கிறது. ரேடியேட்டரின் ரிசர்வ் தண்ணீர் டப்பாவில் வாரத்துக்குக் கால் லிட்டர் குறைகிறது. ஆனால் வாசலில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுகூட விழுவதில்லை.

மெக்கானிக் ஒருவர், "நம் ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று, இன்ஜின் சூடேறும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு, போர் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார். குணம் தெரியவில்லை. இப்போது ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைப்பகுதிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க 18,000 ரூபாய் ஆகும் என்கிறார். முள் ஏறத் தொடங்கியதும் ஏசியை அணைத்துவிடுகிறேன், அப்படியும் ஏறுகிறது. பணத்தைக் கட்டுவதற்கு முன் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

வாலாஜா மெக்கானிக்:

தம்பி, இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் அளவுக்கு நீங்கள் எழுதியதில் எதுவும் இல்லை. கேஸ்கெட் போயிருந்தால், ஆயில் அளவுகோலில் பால் கலந்த தேநீர் போன்ற குழம்பு, இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெண்புகை, காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தால் அதன் வாயில் ஓயாமல் வரும் குமிழி, ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கல்லாக இறுகும் மேல் ஹோஸ் (இன்ஜினையும் ரேடியேட்டரின் மேற்பகுதியையும் இணைக்கும் ரப்பர் குழாய்) ஆகியவற்றில் ஒன்றாவது பெரும்பாலும் தென்படும். இவற்றை முதலில் பாருங்கள். செலவு ஒன்றும் இல்லை.

நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் என் சந்தேகம் முதலில் விசிறியின் மேல்தான். ஓடும் வண்டிக்கு எதிர்க்காற்றே போதும். நிற்கும் வண்டிக்கு விசிறியை விட்டால் வேறு கதி இல்லை. ஆனால் உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லாததால், சாலையில் முள் பாதிக்குக் கீழே நிற்பதை மட்டும் வைத்து ரேடியேட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்த முறை முள் ஏறும்போது ஏசியை அணைக்காமல், போட்டுப் பாருங்கள். இந்த வயது வண்டிகள் பலவற்றில் ஏசிக்கு ஒரு வழியும், ரேடியேட்டரில் திருகியிருக்கும் வெப்ப சுவிட்சுக்கு ஒரு வழியுமாக, விசிறிக்கு இரண்டு வழியில் மின்சாரம் வரும். ஏசி போட்டதும் விசிறி ஓடி முள் இறங்கினால், மோட்டாரும் ஃபியூஸும் சரி, சுவிட்சுதான் செத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். அதை உறுதி செய்ய, இன்ஜின் ஆறிய பின் சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரண்டு முனைகளையும் சிறு வயரால் இணைத்து, சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். விசிறி சுழல வேண்டும். விசிறியருகே கையை வைக்காதீர்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

ஆம்பூர் ஓட்டுநர்:

அண்ணன் விசிறியைச் சொல்லிவிட்டார். தண்ணீர் குறைவதற்கு நான் மூடியைச் சந்தேகிக்கிறேன். மூடியின் மேல் 0.9 என்று எழுதியிருந்தால், அது 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மூடி. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் 100 டிகிரியிலேயே கொதித்து, ரிசர்வ் டப்பாவுக்குத் தள்ளப்பட்டு, அங்கிருந்தும் வழிந்து போகும். அந்தச் சொட்டு உங்கள் வாசலில் அல்ல, மேம்பாலத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும். டப்பாவின் வழிவுக் குழாய் நுனியைத் தடவிப் பாருங்கள்.

போர் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பக்கம் வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் அதுதான் படியும். ஏலகிரி மலைக்கு அடிக்கடி சவாரி போகிறேன். விசிறி நன்றாக ஓடியும் அந்த 14 வளைவுகளில் முள் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

குடியாத்தத்துக்காரன்:

மூன்று நாள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். ஆயில் சுத்தமாக இருக்கிறது, குமிழி இல்லை, மேல் ஹோஸ் கையால் அமுக்கும்படி மிருதுவாகவே இருக்கிறது. மேம்பாலத்தில் முள் ஏறியபோது ஏசியைப் போட்டேன். விசிறி உறுமியது, இரண்டு நிமிடத்தில் முள் இறங்கியது. இத்தனை நாளும் ஏசியை அணைத்து, இருந்த ஒரே விசிறி வழியையும் நானே அடைத்திருக்கிறேன். வயரால் இணைத்தபோதும் விசிறி சுழன்றது. மூடியின் ரப்பர் வளையத்தில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு இருந்தது. வழிவுக் குழாயின் நுனியில் உப்புப் பூத்தது போல வெள்ளையாகப் படிந்திருந்தது.

வாலாஜா மெக்கானிக்:

அப்படியானால் சுவிட்ச், அதன் வாஷர், அதே அழுத்தம் எழுதிய மூடி ஆகியவற்றை வாங்குங்கள். தெர்மோஸ்டாட்டையும் திரும்பப் போடுங்கள். அது இல்லாத இன்ஜின் சூடேறவே நேரம் எடுத்து, பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். புதியதைப் பொருத்துவதற்கு முன் நூலில் கட்டி வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிடுங்கள். அதன் மேல் 82 என்று இருந்தால், ஏறக்குறைய அந்தச் சூட்டில் வாய் திறக்கத் தொடங்க வேண்டும். போர் தண்ணீரை முழுவதும் வடித்து, இரண்டு முறை அலசி, கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதியாகக் கலந்து மெதுவாக ஊற்றுங்கள். மூடியைத் திறந்து வைத்தே, விசிறி ஒருமுறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டால், உள்ளே அடைபட்ட காற்று வெளியேறிவிடும். மட்டம் இறங்க இறங்க நிரப்பிக்கொண்டே வாருங்கள்.

குடியாத்தத்துக்காரன்:

எல்லாவற்றையும் மாற்றியாயிற்று, பொருளுக்கும் கூலிக்குமாக 2,600 ரூபாய் ஆயிற்று. அலசியபோது முதலில் வந்த தண்ணீர் செங்கல் கரைத்தது போல இருந்தது. நேற்று மாலை மேம்பாலத்தில் ஏசி போடாமலேயே இருபது நிமிடம் நின்றேன். முள் பாதியைத் தொட்டதும் விசிறி தானாக ஓடியது, சற்று நேரத்தில் தானாகவே நின்றது. வாரக் கடைசியில் டப்பாவின் மட்டத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.