வேன் வண்டியையே வீடாக்கி வாழ்கிறவர்கள் எங்கே குளிக்கிறீர்கள்? என் கதை இது, உங்கள் கதையையும் சொல்லுங்கள்

வேனில் வாழ்கிறேன் என்று சொன்னால் தூக்கத்தைப் பற்றியோ சமையலைப் பற்றியோ யாரும் கேட்பதில்லை. "சரி, குளியல் எங்கே?" இதுதான் முதல் கேள்வி. (கழிவறை இரண்டாவது கேள்வி. அதற்குத் தனியாக ஒருநாள் உட்கார வேண்டும்.) 14 மாதம் ஆகிறது, இதுவரை ஏமாந்தது, தேறியது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் வாங்கியது எல்லாரும் வாங்கும் அந்தக் கறுப்பு சோலார் பைதான். 20 லிட்டர் பிடிக்கும். வெயிலில் மூன்று மணி நேரம் போட்டால் வெந்நீர் என்று அட்டையில் போட்டிருந்தது, அது பொய்யில்லை, நல்ல வெயில் நாளில் கை பொறுக்காத சூடு வந்துவிட்டது. அட்டையில் போடாத விஷயம் ஒன்று உண்டு. 20 லிட்டர் தண்ணீர் என்றால் 20 கிலோ, அதைத் தலைக்கு மேலே தூக்கி மாட்ட வேண்டும், ஏனென்றால் அதில் பம்ப் கிடையாது, உயரத்தில் இருந்தால்தான் தண்ணீர் இறங்கும். பின்கதவில் ஒரு கொக்கி அடித்து மாட்டினேன். தலை முழுக்க ஷாம்பு, கண்ணைத் திறக்க முடியவில்லை, அந்த நேரம் பார்த்து கொக்கி பிய்ந்து பை தோளில் இறங்கியது. பத்து நாள் அந்தக் கையைத் தூக்க முடியவில்லை. அதற்கப்புறம் பாதிக்கு மேல் நிரப்புவதே இல்லை, தேவையும் இல்லை.

வெயில் இல்லாத வாரங்களில் பை சும்மா கிடக்கும். அப்போது என்னைக் காப்பாற்றியது ஒரு கெட்டில், ஒரு வாளி, ஒரு குவளை. கணக்கு சுலபம்: கொதிக்கிற தண்ணீர் ஒரு பங்கு, 20 டிகிரியில் இருக்கும் பச்சைத் தண்ணீர் மூன்று பங்கு, கலந்தால் 40 டிகிரி. அதாவது 2 லிட்டர் கொதிக்க வைத்தால் 8 லிட்டர் குளிக்கிற பதத்தில் கிடைக்கும். பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றிவிட்டு அப்புறம் கொதிநீரை ஊற்றுங்கள், மாற்றிச் செய்து ஒருமுறை மறந்துபோய்க் காலில் ஊற்றிக்கொள்ளப் பார்த்தேன். உடம்பை நனைப்பது, நிறுத்திவிட்டு சோப்பு போடுவது, அப்புறம் அலசுவது. 8 லிட்டரில் தலையும் சேர்த்துக் குளித்துவிடலாம். வீட்டு ஷவரில் ஒரே நிமிடத்தில் ஓடிவிடுகிற தண்ணீர் அது.

* * *

அண்ணா, கொக்கி கதையைப் படித்துச் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். நான் வேறு விதமான முட்டாள். வேனைக் கட்டும்போதே உள்ளே குளியலறை வேண்டும் என்று அடம்பிடித்தவன். 60க்கு 80 சென்டிமீட்டர் இடம், தட்டு, திரை, பம்ப், சுத்தமான தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு இன்னொரு தொட்டி. அந்த இரண்டாவது தொட்டியைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. குளித்த தண்ணீர் எங்கேயாவது போய்ச் சேர வேண்டும் அல்லவா? கண்ட இடத்தில் திறந்துவிடக் கூடாது, பல இடங்களில் அது குற்றம், அதற்கென்று இருக்கும் வடிகாலைத் தேடி ஓட்ட வேண்டும். நான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன், மூன்றாம் நாள் வேனுக்குள் வந்த நாற்றத்தை எழுத மனம் வரவில்லை.

இன்னொன்று ஈரம். இரும்புக் கூட்டுக்குள் வெந்நீரில் குளித்தால் ஆவி முழுக்கச் சுவரில் வேர்த்து நிற்கும். மேலே காற்றாடி இருக்கிறது, ஓடவும் ஓடியது, ஆனால் குளிர்காலத்தில் அதை ஓடவிட்டால் உள்ளே இருக்கிற சூடும் சேர்ந்து போய்விடும் என்று சீக்கிரம் அணைத்துவிடுவேன். மூன்று மாதம் கழித்து ஒட்டுப்பலகையைக் கழற்றிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்பாகப் பூஞ்சணம். இன்று அந்தக் குளியலறையில் மழைக்கோட்டும் சேறான செருப்பும் துடைப்பமும் குடியிருக்கின்றன. நான் வெளியே வாளியோடு நிற்கிறேன்.

* * *

பேட்டரியில் தண்ணீர் சூடாக்க முடியாதா என்று பலர் கேட்பார்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன். முடியும். 10 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 235 வாட்-மணி வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் மொத்தமே 1200 தான். ஒரு குளியலுக்கு ஐந்தில் ஒரு பங்கு. பழைய ஈய-அமில பேட்டரியாக இருந்தால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, அப்போது கையில் இருப்பதில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். லித்தியம் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் குளிக்கலாம். ஆனால் 1500 வாட் கெட்டிலை இன்வெர்ட்டரில் போட்டால் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அதற்கேற்ற தடிமனான கம்பி இல்லையென்றால் கம்பிதான் முதலில் சூடாகும், தண்ணீர் அப்புறம்தான். என் கம்பியின் உறை இளகிய வாசனையில் விழித்துக்கொண்டவன் நான், அதனால் சொல்கிறேன்.

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வெளியே. எடுத்துச் செல்கிற வகை கீசர் எதையும் வேனுக்குள் பற்றவைக்காதீர்கள், கதவு திறந்திருக்கிறது என்ற சமாதானமும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. லேசாகத் தலை வலிக்கிறதே என்று படுப்பவர்கள் எழுந்திருக்காமல் போகலாம். அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் ஒன்றைப் படுக்கைக்குப் பக்கத்தில் மாட்டிவையுங்கள்.

* * *

நான் பெண், தனியாகப் பயணம் செய்கிறேன். மேலே அண்ணன்மார் எழுதியது எல்லாம் சரி, ஆனால் திறந்த வெளியில் வாளியோடு நிற்பதற்கு எனக்கு மறைப்பு வேண்டும். தூக்கிப் போட்டால் தானாக விரிகிற கூடாரம் ஒன்று வாங்கினேன். விரிந்தது. முளை அடிக்கச் சோம்பல்பட்டு உள்ளே போய்விட்டேன், பாதிக் குளியலில் ஒரு காற்று, கூடாரம் என்னை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது. நான் துண்டைக் கட்டிக்கொண்டு துரத்தினேன். எதிரே நாயோடு நடந்து வந்த வயதான தம்பதியில் அந்த அம்மா, ஒன்றுமே பார்க்காத முகத்தோடு கூடாரத்தைக் காலால் மிதித்து நிறுத்திப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "இன்று காற்று கொஞ்சம் அதிகம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்போது என் ஏற்பாடு வேறு. வாரம் இரண்டு முறை ஜிம். உடற்பயிற்சிக்கு என்று நினைக்காதீர்கள், சந்தா கட்டுவதே ஷவருக்காகத்தான், பல ஊர்களில் கிளைகள் உள்ள ஜிம்மாகப் பார்த்துச் சேர்ந்தால் போகிற வழியெல்லாம் வெந்நீர். அது கிடைக்காத இடத்தில் நீச்சல் குளம். பொது ஷவரில் ரப்பர் செருப்பு இல்லாமல் கால் வைக்காதீர்கள், ஒருமுறை மறந்ததற்கு விரலிடுக்கில் வந்த சேற்றுப்புண் போக இரண்டு மாதம் ஆனது. கடற்கரை ஷவர் உப்பைக் கழுவ மட்டும்தான், அங்கே சோப்பு போட்டால் முறைப்பார்கள், முறைக்கவும் வேண்டும்.

இடைப்பட்ட நாட்களில் காக்காய்க் குளியல். ஒரு குவளை வெந்நீர், ஒரு சின்னத் துணி, முகம், கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, கால் என்று துடைத்துவிட்டால் நன்றாகத் தூக்கம் வரும். ஈரத்தாள்களை விட எனக்கு இதுதான் பிடிக்கிறது, தாள் குப்பையாகச் சேர்ந்துகொண்டே போகிறது. தலைமுடி நீளமாக இருப்பவர்கள் தலைக்குளியலைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள், முடிக்கே பாதித் தண்ணீர் போய்விடுகிறது.

* * *

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லாரிகள் நிற்கும் பெரிய எரிபொருள் நிலையங்களில் காசு கொடுத்துக் குளிக்கிற அறைகள் இருக்கும். சில இடங்களில் டீசல் நிரப்பும் ஓட்டுநர்களுக்கு இலவசக் குளியல் கணக்கில் சேரும். நான் கட்டணப் பலகையைப் பார்த்துத் தயங்கி நின்றதைப் பின்னால் வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவர் கவனித்திருக்கிறார். தன் அட்டையைத் தேய்த்து, வந்த சீட்டை என் கையில் வைத்துவிட்டு, "என்னிடம் நான்கு கிடக்கிறது, மாதக் கடைசியில் வீணாகப் போகும்" என்றார். உள்ளே போனால் பூட்டு போட்ட தனி அறை, நல்ல துண்டு, தீராத வெந்நீர். 40 நிமிடம் எருமை மாதிரி நின்றேன். வெளியே வந்து நன்றி சொல்லலாம் என்று தேடினால் அவர் லாரி போயிருந்தது.

* * *

முதல் பதிவு போட்டவன்தான். கூரையில் கறுப்புக் குழாய் வைப்பது பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். செய்து பார்த்தேன். 10 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளமுள்ள பிவிசி குழாய் என்றால் சுமார் 15 லிட்டர் பிடிக்கும், கறுப்பு பெயின்ட் அடித்தால் ஓட்டும்போதே சூடாகிவிடும். தண்ணீர் வருகிற வேகம் போதவில்லை என்று குழாய்க்குள் சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். வடிகாலுக்காகச் செய்த குழாய் அழுத்தத்தைத் தாங்காது என்பது மூடி பறந்துபோன பிறகுதான் உறைத்தது, நல்லவேளை பக்கத்தில் ஆள் இல்லை. காற்றடிப்பதை விட்டுவிட்டேன், மெதுவாகத்தான் வரும், வரட்டும். வேகமே வேண்டும் என்றால் செடிக்குத் தெளிக்கிற கைபம்ப் டப்பா புதிதாக ஒன்று வாங்குங்கள். புதிது என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும், பூச்சிமருந்து அடித்ததைக் கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் கேட்டுவிட்டார்.

பையிலோ குழாயிலோ வெதுவெதுப்பான தண்ணீரை நாள்கணக்கில் தேக்கிவைக்காதீர்கள். 20 முதல் 45 டிகிரிக்குள் லெஜியோனெல்லா என்ற கிருமி பெருகும், ஷவர் சாரலை மூச்சில் இழுத்தால் நுரையீரல் காய்ச்சல் வரை போகலாம். குளித்து முடித்ததும் மிச்சத்தைக் கொட்டிக் காயவைத்துவிடுவேன்.

அப்புறம் ஆற்றோரக் குளியல். மண்ணில் மக்கும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மக்குவது மண்ணில், தண்ணீரில் இல்லை. கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வாளியோடு போய்க் குளித்து, தண்ணீரை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

கூடாரத்தைத் துரத்திய தங்கச்சிக்கு: முளை அடித்தீர்களா இல்லையா?

* * *

அடித்தேன் அண்ணா. எட்டு.