பங்குப் பள்ளிக்கூட வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது?

பனைமரத்தொட்டிக்காரன்
ராயபுரத்துல நம்ம கத்தோலிக்கக் கோயில் பங்கு நடத்துற பள்ளிக்கூடத்துக்கு ஆண்டுவிழா மலர் போடுறாங்க. 1642ல கப்பூச்சின்ங்கிற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த எஃப்ரேம் பாதிரியார் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாரே, முதல் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கணும். அந்த வேர் இல்லாம நம்ம ஆரம்பப் பள்ளி ஏது?

காசிமேட்டு அலை
அண்ணே, அது கோட்டையைச் சுத்தி இருந்த ஆங்கிலேய, போர்ச்சுகீசிய வீட்டுப் பிள்ளைங்களுக்காக வந்த பள்ளிக்கூடம். நம்ம கதை கடற்கரையில இருக்கு. துறைமுகம் வர்றதுக்கு முன்னாடி கப்பலெல்லாம் தூரமா நங்கூரம் போட்டு நிக்கும். ஆளையும் மூட்டையையும் மசூலா படகுல அலை தாண்டிக் கரை சேர்த்தவங்க கட்டினதுதான் ராயப்பர் கோயில். அந்தக் கோயில் யாருக்குப் பாத்தியம்னு மேற்றிராணியாரோட (பிஷப்போட) வழக்காடுற அளவுக்கு உரிமை உள்ள ஜனம் அது. அவங்க பேரு மலர்ல முதல் பக்கத்துல வரணும்.

பனைமரத்தொட்டிக்காரன்
கோயில் கட்டினதை நான் மறுக்கவே இல்ல தம்பி. பள்ளிக்கூடத்தைத் தினமும் திறந்து வெச்சது யாரு? எங்க அம்மாவை ஒண்ணாவதுல சேர்க்க மாட்டேன்னு தாத்தா பிடிவாதமா நின்னப்போ, வீட்டுத் திண்ணையில வந்து உட்கார்ந்து பேசினது ஒரு சிஸ்டர். அம்மா அஞ்சாவது வரைக்கும் படிச்சாங்க. அந்தக் கன்னியர் உழைப்பை "வெள்ளைக்காரன் பள்ளிக்கூடம்"ங்கிற கணக்குல தள்ளிடாதீங்க.

ஓய்வுபெற்ற ஆசிரியை
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சம்பளம் யார் கொடுத்தார்கள்? ஆங்கிலேயர் ஆட்சியில், 1854இல் வந்த உட் கல்வி அறிக்கைக்குப் பிறகு தனியார், மிஷன் பள்ளிகளுக்கு அரசு மானியம் என்ற ஏற்பாடு வேரூன்றியது. இன்றும் எய்டட், அதாவது அரசு உதவிபெறும் பிரிவில் ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம்; நிர்வாகம் தாளாளர் கையில். சிறுபான்மையினர் பள்ளி நடத்தும் உரிமையை அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவு தருகிறது. சபை, ஊர் மக்கள், அரசு மூன்றும் சேர்ந்துதான் அந்தக் கரும்பலகை. காமராசர் மதிய உணவைப் பற்றி எழுதாமல் வடசென்னைப் பள்ளி வரலாறு எழுதினால் அது பொய்யாகிவிடும். பசியோடு வரும் பிள்ளைக்கு 'அ' ஏறாது. வகுப்பில் நின்று பார்த்தவள் சொல்கிறேன். காலை உணவுத் திட்டம் நகர்ப்புற எய்டட் பள்ளிகளுக்கு வந்தது 2025 ஆகஸ்ட் 26இல்தான். மயிலாப்பூரில் ஒரு கத்தோலிக்க ஆரம்பப் பள்ளியில்தான் அதைத் தொடங்கினார்கள். இதுவும் மலரில் வர வேண்டும்.

கல்மண்டபம் ஜோ
மேடம் சொல்றது சரி. ஆனா இப்போ பெத்தவங்க கேக்குறது இங்கிலீஷ் மீடியம். அது சுயநிதிப் பிரிவு, ஃபீஸ் கட்டணும். மலர் பார்த்து நாலு பேர் பிள்ளையைச் சேர்த்தாத்தான் பள்ளிக்கூடம் நிக்கும். பழைய கூலிக்கார கதை போட்டா யார் வருவா?

காசிமேட்டு அலை
ஜோ, அந்தக் கூலிக்காரன் பிள்ளைக்காகத்தான் இந்தப் பள்ளிக்கூடமே. பழைய அட்மிஷன் ரெஜிஸ்டரை எடுத்து, தகப்பனார் தொழில்னு இருக்கிற கட்டத்தை மட்டும் வரிசையா படிச்சுப் பாருங்க. மீன்பிடி, ஹார்பர் கூலி, ரயில்வே, பின்னி மில். 1856லயே ராயபுரத்துல ரயில் ஓடுச்சு, அப்புறம் பெரம்பூர்ல மில் வந்துச்சு. அந்தச் சம்பளத்துல வாழ்ந்த வீடுங்கதான் இந்தப் பெஞ்சை நிரப்புச்சு. ஃபீஸ் கட்ட முடியாத வீடு இன்னிக்கும் எங்க தெருவுல இருக்கு. தமிழ் மீடியம் எய்டட் வகுப்பு நின்னுட்டா அவங்க எங்க போவாங்க?

பனைமரத்தொட்டிக்காரன்
ரெஜிஸ்டரைப் பார்க்கணும்ங்கிறதுல எனக்கு முழுச் சம்மதம். 1642ஐ மட்டும் எடுக்க விடமாட்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை
தாளாளருக்கு நான் கடிதம் எழுதுகிறேன். பிள்ளைகளின் பெயர் அச்சில் வேண்டாம். தொழிலும் ஆண்டும் போதும். பூச்சி அரித்த பக்கங்களை முதலில் படம் எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்கிறேன்.

காசிமேட்டு அலை
எடுங்க மேடம், கூட வர்றேன். ஆனா 1642 முதல் பக்கத்துல வந்தா எங்க தெருவுலேருந்து மலருக்கு நன்கொடை கிடையாதுன்னு பங்குப் பேரவையில எழுந்து சொல்லத்தான் போறேன்.