எழுபது பேரோடு கடற்கரையில் கல்யாணம்: நான் கேட்பது தப்பா?

நந்தியாவட்டை:
வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம். சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம், வேலை சென்னையில். மாமல்லபுரம் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறோம். இரண்டு வீட்டிலும் சேர்த்து எழுபது பேர். இரண்டு நாள் எல்லாரும் ஒரே இடத்தில் தங்கி, காலையில் சூரியன் கடலிலிருந்து ஏறும்போது தாலி கட்ட வேண்டும் என்று ஆசை. மாப்பிள்ளை வீட்டில் சம்மதம். அப்பாதான் மூன்று வாரமாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. "ஊரைக் கூட்டாமல் என்ன கல்யாணம்" என்கிறார், அதற்கு மேல் ஒன்றும் சொல்வதில்லை. அக்கா கல்யாணத்துக்கு ஆயிரத்து இருநூறு பேர் வந்தார்கள். மேடையில் நின்று நின்று அவளுக்குக் கால் வீங்கிவிட்டது. அவள் இலையில் உட்கார்ந்தபோது இரவு பதினொரு மணி, ரசம் ஆறிப்போயிருந்தது. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நான் கேட்பது தப்பா?

தென்னந்தோப்பு:
பக்கத்து ஊர்க்காரன் என்கிற உரிமையில் சொல்கிறேன் தங்கச்சி, தப்புதான். உங்கள் அப்பா முப்பது வருஷமாக எத்தனை வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருப்பார், எத்தனை மொய் எழுதியிருப்பார்? அவர்கள் எல்லாரும் திருப்பிச் செய்யக் காத்திருக்கிறார்கள். எழுபது பேரில் அவர்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடல்தான் வேண்டும் என்றால் நம் மல்லிப்பட்டினத்திலும் கடல் இருக்கிறது, பக்கத்தில் மனோரா கோட்டையும் இருக்கிறது.

நந்தியாவட்டை:
அண்ணே, மொய்க்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். நம் பக்கம் அதற்கென்றே ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்து நடக்கிறது. அப்பா வைத்து மூன்று வருஷம்தான் ஆகிறது. வர வேண்டியது வந்துவிட்டது, அந்த மொய் நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. மனோராவுக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே கடல் சேறு, அலையே கிடையாது. எழுபது பேர் தங்க அறையும் இல்லை.

அலைவாய்:
நான் இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே சாலையில் ஒரு ரிசார்ட்டில் கல்யாணம் செய்துகொண்டவள். வைகாசி மாதம், அறுபத்தைந்து பேர். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன், கூட்டிக் கழித்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

முதலில் மணல். எங்கள் ஆச்சி சக்கர நாற்காலியில்தான் வருவார். முதல் நாள் மாலை ஒத்திகை பார்த்தபோது பத்தடி போவதற்குள் சக்கரம் அச்சு வரை புதைந்துவிட்டது. சித்தப்பா பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் மணமேடையைப் புல்தரைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கடல் எழுபதடி தள்ளிப் போனது, அதனால் என்ன?

இரண்டாவது காற்று. காலையில் தொல்லை இல்லை. கரையிலிருந்து கடலை நோக்கி லேசாக அடித்தது, ஓமப் புகையும் அந்தப் பக்கமே போய்விட்டது. மத்தியானம் கடற்காற்று திரும்பிய பிறகுதான் பாடு. வெளியில் போட்ட பந்தியில் இலை நுனி மடங்கி மடங்கிச் சாம்பார் மேல் விழுந்தது. ஆளுக்கொரு தண்ணீர் டம்ளரை நுனியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். உப்புக் காற்றில் அப்பளம் பொரித்த கால் மணி நேரத்தில் நமத்துப்போனது. அதனால் பந்தி உள்ளே, முகூர்த்தம் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. தாலி முடிந்த ராத்திரி என் மாமனார், என் அப்பா, இரண்டு பக்கத்துச் சித்தப்பாக்கள் எல்லாரும் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மணி வரை பேசிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தில் அது நடந்திருக்காது. அங்கே அப்பா வாசலில் வரவேற்க நின்றிருப்பார், மாமனார் சமையல்காரரோடு கணக்குப் பார்த்திருப்பார்.

பந்திக்காரர்:
இருபது வருஷமாகக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். பல ரிசார்ட்டுகளில் வெளிச் சமையலை உள்ளே விட மாட்டார்கள், அவர்கள் சமையல்தான். பால் பாயசமும் வத்தக்குழம்பும் அவர்களுக்கு வருமா என்று முன்கூட்டியே ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுப் பாருங்கள் அம்மா. அப்புறம், சின்னக் கல்யாணம் என்றால் சின்னச் செலவு என்று யாரும் நினைக்க வேண்டாம். நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் அறைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முப்பத்தைந்து அறை, 9,000 ரூபாய், இரண்டு நாள் என்றால் 6,30,000. அதற்கு வரி மட்டும் 1,13,400. இந்த வரிப் பணத்தில் நம் ஊரில் ஒரு பெரிய பந்தியே போட்டுவிடலாம்.

தென்னந்தோப்பு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். பணத்தை விடுங்கள், மொய்யையும் விடுங்கள், அதில் தங்கச்சி சொன்னது சரி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நீங்கள் ஊரில் இருந்தீர்களா? எங்கள் தோப்பில் முந்நூறு மரத்துக்கு நின்றது பதினெட்டு. கரண்ட் இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. வீட்டு மேல் விழுந்து கிடந்த மரத்தை அறுத்து எடுத்தது தெருக்காரர்கள்தான். அவர்கள் வீட்டுக் கூரை போயிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வாளோடு வந்தார்கள். உங்கள் அப்பா வீட்டிலும் இதேதான் நடந்திருக்கும். அவர்கள் யாரும் உறவில்லை, எழுபதில் வர மாட்டார்கள். "என் பெண்ணுக்குக் கல்யாணம், ஆனால் நீ வராதே" என்று அவர்களிடம் உங்கள் அப்பா எந்த வாயால் சொல்வார்? அவர் பேசாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

அலைவாய்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. எங்கள் வீட்டிலும் அழைக்காத ஒரு பெரியம்மா இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் கூட்டம் சேர்த்தால் மட்டும் நன்றி செலுத்தியதாகிவிடுமா? ஆயிரம் பேரில் அந்தத் தெருக்காரரும் ஒருத்தராக வந்து, கவரை நீட்டி, போட்டோவுக்கு அரை நிமிஷம் நின்றுவிட்டுப் போவார். மணமகளுக்கு அவர் பெயர்கூடத் தெரிந்திருக்காது.

தென்னந்தோப்பு:
அவர் போட்டோவுக்கு வருவதில்லை அம்மா. முதல் நாள் ராத்திரி காய் நறுக்க வருவார். அந்த ராத்திரிதான் அவருக்குக் கல்யாணம்.

கரைநடை:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். தை முதல் பங்குனி வரை இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். ராத்திரியில் நானும் நண்பர்களும் முட்டை தேடி நடக்கிறோம். கரையில் பளிச்சென்று விளக்கு எரிந்தால் தாய் ஆமை ஏறாமலேயே திரும்பிவிடும். குஞ்சுகள் கடல் வெளிச்சம் என்று நினைத்து விளக்கை நோக்கி ஊர்ந்து நாய் வாயில் விழும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியதைக் கையால் புரட்டிப் பார்த்தவன் நான். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலைப் பார்த்த சீரியல் செட்டும் ஃபோகஸ் லைட்டும் வேண்டாம், அவ்வளவுதான். ரிசார்ட் வாசலுக்கு முன்னால் இருக்கும் மணல் அவர்களுடையதும் இல்லை. காலை ஆறு மணிக்கு மீனவர்கள் வலை இழுக்க வருவார்கள், அவர்களை யாரும் விரட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அலைவாய்:
இது எனக்கே புதுச் செய்தி. எங்கள் வரவேற்பில் மணலில் விளக்கு வைத்தோம். வைகாசி என்றாலும் இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. நந்தியாவட்டை, நீங்கள் தையில் வைத்தது ஒரு வகையில் நல்லது. கார்த்திகையில் என்றால் நானே தடுத்திருப்பேன். 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரை கடந்தது. இன்னொன்று, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் மேளம் கூடாது என்பது சட்டம். நாலரை மணி முகூர்த்தம் பார்க்காதீர்கள், ஆறரைக்கு மேல் பாருங்கள். கல்யாணத்தைத் தொண்ணூறு நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.

நந்தியாவட்டை:
விளக்கு விஷயம் குறித்துக்கொண்டேன். மணமேடை புல்தரையில்தான், அப்பத்தாவுக்கும் முட்டி வலி.

கஜா பற்றி அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். புயல் அன்று நான் சென்னையில் இருந்தேன், நாலு நாள் லைன் கிடைக்கவில்லை. நம் வீட்டு மேல் விழுந்த மரத்தை யார் அப்பா அறுத்தது என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னார், பதினோரு பேர். மூன்று வாரத்தில் அவர் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது நேற்றுத்தான். அந்தப் பதினோரு குடும்பத்தையும் ரிசார்ட்டுக்கு அழைக்கலாமே என்றேன். "ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். மாட்டையும் தோப்பையும் விட்டுவிட்டு எவன் வருவான்?" என்றார்.

தென்னந்தோப்பு:
அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?

நந்தியாவட்டை:
என்ன சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் அவரும் பேசவில்லை. அப்புறம் "முகூர்த்தக்கால் எங்கே ஊன்றுவது?" என்று கேட்டார். நம் வீட்டு வாசலில்தான் அப்பா, வேறு எங்கே என்றேன். "கால் ஊன்றினால் பந்தல் போட வேண்டும். பந்தல் போட்டால் காய் நறுக்க ஆள் வரும்" என்றார். ரிசார்ட்டுக்குச் சரி என்று இன்னும் சொல்லவில்லை. எத்தனை இலைக்குச் சொல்லலாம் என்று மட்டும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன்.