குளிர் ஏரியில் ட்ரவுட் ஏன் பெரிதாகவே மாட்டேன் என்கிறது?

மலைத்தூண்டில்:
மலைமேல் உள்ள ஏரி ஒன்றில் பழுப்பு ட்ரவுட் பிடிக்கிறேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு, ஆழத்தில் கிடக்கும் கல்கூடத் தெரியும், ஆண்டில் பாதி நாள் மேலே பனிக்கட்டிதான். மீனுக்குப் பஞ்சமே இல்லை, ஆனால் எல்லாமே ஒரு சாண்தான், தலை பெருத்து உடம்பு ஒட்டிப்போய் இருக்கிறது. வளரட்டும் என்று பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டும் மாற்றமில்லை. புதிதாகக் குஞ்சு விட்டால் பெரிய மீன் வருமா?

செதில்:
குஞ்சு மட்டும் விட்டுவிடாதீர்கள்! அவ்வளவு தெளிந்த தண்ணீரில் பாஸ்பரஸும் நைட்ரஜனும் குறைவாகத்தான் இருக்கும், அதனால் பாசி குறைவு, பாசியை நம்பியிருக்கும் பூச்சியும் புழுவும் குறைவு, கடைசியில் மீனுக்குக் கிடைப்பதும் குறைவு. இதில் குளிர் வேறு. பழுப்பு ட்ரவுட் சுமார் 4 டிகிரிக்குக் கீழே ஏறக்குறைய வளர்வதே இல்லை, வயிறார பூச்சி கிடைத்தால் 13, 14 டிகிரியில்தான் வேகமாக வளரும். உங்கள் ஏரியில் அந்தச் சூடு கோடையில் கொஞ்ச நாள்தான் இருக்கும், அதற்குள் கிடைக்கிற இரையை இத்தனை வாய்கள் பங்கு போட்டால் எது பெரிதாகும்?

இன்னொன்று, சிறிய மீன் என்றால் இளமீன் என்று அர்த்தமில்லை. ஒன்றை அறுத்துப் பாருங்கள், சாண் நீளத்திலேயே முட்டை முற்றியிருந்தால் அது வளர்ந்த மீன்தான். வயதுக்குச் செதில் வளையத்தை எண்ணலாம், ஆனால் மெதுவாக வளரும் கிழட்டு மீனில் ஓர வளையங்கள் ஒட்டிப்போய்விடும், மீனின் உட்காதில் இருக்கும் சின்னக் காதுக்கல்தான் சரியாகச் சொல்லும். எடையும் போடுங்கள். 25 செ.மீ. மீன் 155 கிராம் வாக்கில் இருந்தால் நல்ல உடம்பு, 115 கிராம்தான் என்றால் பட்டினி.

ஓடைக்கரை:
ஏரிக்குள் வரும் ஓடைகளில் சரளைக்கல் நிறைய இருக்கிறதா? இருந்தால் முட்டையிட இடம் தாராளம், கூட்டம் குறையாது. விதி அனுமதிக்கிற அளவுக்குச் சின்னதைச் சமைக்க எடுத்துக்கொள்ளுங்கள், பெரிதாக ஒன்று சிக்கினால் அதைத்தான் விட வேண்டும். மீன் தின்னப் பழகிய ட்ரவுட்தான் இந்த மாதிரி ஏரியில் சட்டென்று பெரிதாகும், அதுவே குஞ்சுக் கூட்டத்தையும் குறைக்கும்.

மலைத்தூண்டில்:
மூன்று ஓடை, மூன்றிலும் சரளைதான். இத்தனை நாளும் தலைகீழாகச் செய்திருக்கிறோம் போல. அந்தப் பெரியதை எங்கே தேடுவது?

ஓடைக்கரை:
பனி உருகியதும் முதலில் சூடாகும் ஆழமில்லாத மூலைகள், ஓடை வந்து விழும் வாய். கோடையில் இருட்டும் நேரத்தில் கரை சட்டென்று ஆழமாகும் விளிம்பில், குட்டி மீன் போன்ற தூண்டில் இரையைப் போட்டு மெதுவாக இழுங்கள். ஒரு கோடையில் பலன் தெரியாது, சின்ன மீனைச் சில ஆண்டுகளாவது தொடர்ந்து எடுக்க வேண்டும்.