640 டாலர் மாத்திரையும் வீரவநல்லூர் மருந்துக்கடை அண்ணாச்சியும்

புதுசா அமெரிக்கா வந்து இறங்கியிருக்கிற நம்ம திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகளுக்காக எழுதுறேன். வீடு பிடிக்கிறது, லைசென்ஸ், கிரெடிட் ஸ்கோர் எல்லாம் ஆளாளுக்கு எழுதியாச்சு. மாத்திரை வாங்குறதைப் பத்தி மட்டும் யாரும் எழுதக் காணோம்.

போன மாசம் கல்லிடைக்குறிச்சித் தம்பி ஒருத்தர் போன் பண்ணார். வந்து நாலு மாசம் ஆகுது. வயசு 36, சுகர் உண்டு. "எக்கா, ஒரு மாத்திரைக்கு மாசம் 640 டாலர் சொல்லுதாவ. வேண்டாம்னுட்டு வந்துட்டேன். ஊர்ல இருந்து கொண்டாந்ததுல ஒரு அட்டை கெடக்கு. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கிடுதேன்" அப்படின்னார். சர்வ சாதாரணமா சொல்றார். எனக்கு வயித்துல புளியைக் கரைச்சிட்டுது.

எங்க ஊர் வீரவநல்லூர்ல மருந்துக்கடை அண்ணாச்சி சீட்டை வாங்கி மூக்குக்கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை, கீழ ஒரு பார்வை பார்ப்பார். "இந்தக் கம்பெனி வெலை கூட. இதே மருந்துதான், இன்னொரு கம்பெனி இருக்கு, தரட்டுமா?"ன்னு அவரே கேட்பார். கையில காசு இல்லைன்னா கத்தரிக்கோலை எடுத்து, தேதி அச்சடிச்ச பக்கத்தை விட்டுட்டு, நாலு மாத்திரையை மட்டும் வெட்டிக் கொடுப்பார். மிச்சம் சம்பளத்துக்குப் பொறவு. நாம வாயே திறக்க வேண்டாம்.

இங்கே கவுண்டர்ல நிக்கிற பிள்ளை கம்ப்யூட்டர்ல தெரியுற நம்பரைப் படிக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த நம்பர் கடைசி விலை இல்லை. ஒரே மாத்திரைக்கு இந்த ஊர்ல மூணு நாலு விலை உண்டு. கேட்டாத்தான் அடுத்த விலை வெளியே வரும். பாளையங்கோட்டை மார்க்கெட்ல கத்தரிக்காய்க்கு அரைமணி நேரம் மல்லுக்கட்டுற நம்ம ஆளு, இங்க வந்ததும் கூச்சப்பட்டுக்கிட்டு ஒண்ணு கார்டைத் தேய்ச்சிடுறான், இல்லைன்னா திரும்பி வந்துடுறான்.

தம்பிகிட்ட நான் கேட்ட முதல் கேள்வி: "இன்சூரன்ஸ் இருக்குல்லா, பொறவு ஏன் 640ன்னு கேட்டியா?" கேட்கலை. மறுநாள் போய்க் கேட்டப்பதான் விஷயம் தெரிஞ்சுது. இன்சூரன்ஸ் கம்பெனி அந்த மருந்தை மறுத்திருக்கு. கடைக்காரங்க இன்சூரன்ஸ் இல்லாத முழு விலையைச் சொல்லியிருக்காங்க. மறுத்த காரணம் 'பிரையர் ஆதரைசேஷன்' இல்லைங்கிறது. அதாவது, "விலை கூடின மருந்து, இது இவருக்கு ஏன் வேணும்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்"னு அர்த்தம். டாக்டர் ஆபீசுக்கு ஒரு போன் போட்டா அவங்க அனுப்புவாங்க. நீங்க போடலைன்னா பல இடத்துல அந்தத் தாள் அப்படியே கிடக்கும்.

மருந்து என்னன்னு சொல்லிடுறேன். எம்பாகிளிஃப்ளோசின், இங்கே ஜார்டியன்ஸ்ங்கிற பேர்ல விக்குது. ஊர்ல இதோட காப்புரிமை 2025 மார்ச்ல முடிஞ்சுது. அதுவரைக்கும் மாத்திரை 60 ரூபாய் பக்கம் இருந்தது, நம்ம நாட்டுக் கம்பெனிகள் இறங்கினதும் 10 ரூபாய்க்கும் கீழே வந்துட்டுது. அமெரிக்காவில காப்புரிமை இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, அதனால விலைகுறைஞ்ச ஜெனரிக் (அதே மருந்தை வேற கம்பெனிகள் செஞ்சு விக்கிறது) கடைக்கு வரலை. மாத்திரை அதேதான். தம்பிக்கு அந்தக் கோபம்தான் ஆறவே இல்லை.

இன்னொரு வில்லங்கமும் இருக்கு. ஊர்ல டாக்டர்கள் சுகருக்குச் சர்வசாதாரணமா எழுதுற வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், கிளிக்லசைடு இது எதுவுமே அமெரிக்காவில விற்பனைக்குக் கிடையாது. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை ஊர்ல பெட்டிக்கடை மிட்டாய் மாதிரி கிடைக்கும், இங்கே தனித்தனியாத்தான் வாங்கணும். நல்லவேளை, பிரிச்சு வாங்கினா ரெண்டுமே ஜெனரிக், சல்லிசுதான். ஆனா மத்த மாத்திரைக்குப் பதிலா இங்கத்த டாக்டர் அவங்களுக்குத் தெரிஞ்ச புது பிராண்டை எழுதிடுவாங்க. அங்கேயே ஒரு வார்த்தை கேளுங்க: "இதே வேலையைப் பார்க்கிற ஜெனரிக் இருக்கா, என் இன்சூரன்ஸ் பிளான்ல எது கீழ்த்தட்டுல இருக்கு?" ஒவ்வொரு பிளானுக்கும் பார்முலரின்னு ஒரு மருந்துப் பட்டியல் உண்டு. முதல் தட்டுல இருக்கிறது 5, 10 டாலர்ல முடியும், மேல்தட்டுக்குப் போகப் போக பையில ஓட்டை. எழுதுற டாக்டருக்கு உங்க பிளான் பட்டியல் மனப்பாடமா இருக்காது, விலையும் தெரிஞ்சிருக்கணும்னு இல்லை. அமெரிக்காவில எழுதுற சீட்டுல பத்துக்கு ஒன்பது ஜெனரிக்தான், அதனால கேட்கிறது ஒண்ணும் மரியாதைக் குறைவு இல்லை.

இனி மஞ்சப்பைக் கதை. எங்க அப்பா ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிச் சீட்டு, வண்ணார்பேட்டை லேப் ரிப்போர்ட், 2009ல எடுத்த இசிஜி வரைக்கும் ஒரு மஞ்சப்பையில போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால வச்சிருப்பார். நான் கிளம்பும்போது "இதையும் எடுத்துட்டுப் போ"ன்னு என்னோட பழைய சீட்டுகளை அந்த மாதிரி ஒரு பையில திணிச்சார். நான் சிரிச்சேன். இங்கே வந்த பிறகு இன்சூரன்ஸ்ல 'ஸ்டெப் தெரபி'ன்னு ஒண்ணு சொன்னாங்க: முதல்ல விலை குறைஞ்ச மருந்தைச் சாப்பிட்டுப் பாரு, கேட்கலைன்னாத்தான் அடுத்தது. நான் அந்த முதல் மருந்தை ஊர்ல ரெண்டு வருஷம் சாப்பிட்டு ஒத்துக்காம நிறுத்தினவ. அதுக்கு அத்தாட்சி அந்தப் பையில இருந்த சீட்டுதான். டாக்டர் ஆபீஸ்ல அதை ஸ்கேன் பண்ணி அனுப்பினாங்க, ஒன்பதாம் நாள் அனுமதி வந்துட்டுது. தம்பிக்கும் அவங்க அம்மா வாட்ஸ்அப்ல சீட்டும் ரிப்போர்ட்டும் படம் எடுத்து அனுப்பி, அதை வச்சுத்தான் வேலை முடிஞ்சுது. அப்படியும் மறுத்தா அப்பீல் பண்ணுங்க. மறுப்புக் கடிதம் வந்ததுல இருந்து 180 நாள் டயம் உண்டு. அதுலயும் அல்வா கொடுத்தா, இன்சூரன்சுக்குச் சம்பந்தமில்லாத வெளி ஆளை வச்சு மறுபரிசீலனை கேட்கவும் சட்டத்துல இடம் இருக்கு.

அனுமதி வந்ததும் 640 போய், தம்பி கட்ட வேண்டிய பங்கு, அதாவது கோபே, 60 டாலர்னு வந்துது. அதுக்கும் மேல ஒண்ணு இருக்கு. கோபே கார்டுன்னு மருந்து தயாரிக்கிற கம்பெனியே கொடுக்குது. அந்த மருந்தோட சொந்த வெப்சைட்ல பேரு, பிறந்த தேதி கொடுத்தா ஒரு நம்பர் வரும், அதைக் கடையில காட்டணும். தம்பிக்கு 60 டாலர் 10 டாலர் ஆச்சு. "இது தர்மப் பணமாக்கா? கிரீன் கார்டுக்கு இடைஞ்சல் வருமா?"ன்னு கேட்டார். அரசாங்க உதவியே இல்லை, கம்பெனி கொடுக்கிற தள்ளுபடி. தர்மமும் இல்லை. நம்மளை அவங்க பிராண்டுலயே கட்டிப்போட அவங்க செய்யுற செலவு, மிச்சத்தை இன்சூரன்ஸ்கிட்ட வசூல் பண்ணிக்கிடுவாங்க. எடுத்துக்கோங்க, ஆனா நன்றிக்கடன் பட வேண்டாம்.

கார்டுல ரெண்டு வில்லங்கம் இருக்கு. மாசத்துக்கு இவ்வளவு, வருஷத்துக்கு இவ்வளவுன்னு உச்சவரம்பு உண்டு. டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னால வருஷா வருஷம் நாம கட்டித் தீர்க்க வேண்டிய தொகை) இன்னும் தீரலைன்னா கார்டு போக மிச்சம் உங்க தலையில விழும். தை பிறந்தா வழி பிறக்கும்பாங்க, இங்கே பல பிளான்ல ஜனவரி பிறந்தா டிடக்டிபிள் பிறக்கும். ரெண்டாவது, சில பிளான்ல கார்டு கட்டுற பணத்தை உங்க டிடக்டிபிள் கணக்குல சேர்க்க மாட்டாங்க. ஆறேழு மாசம் நல்லா ஓடிட்டு, கார்டு பணம் தீர்ந்ததும் திடீர்னு முழுத்தொகை கேட்பாங்க. இந்த ஏற்பாட்டுக்குப் பேருதான் கோபே அக்யூமுலேட்டர். பிளான் எடுக்கும்போதே 'கோபே அக்யூமுலேட்டர் உண்டா'ன்னு ஹெச்ஆர்கிட்ட ஒரு மெயில் தட்டிடுங்க.

ஜெனரிக் மருந்துன்னா, "இன்சூரன்ஸ் போடாம ரொக்கமா கொடுத்தா எவ்வளவு?"ன்னும் கேளுங்க. சிரிக்காதீங்க, பல தடவை அதுதான் குறைவு. முன்னாடி இதைச் சொல்லக் கூடாதுன்னு கடைக்காரங்க வாயைக் கட்டிப்போடுற ஒப்பந்தமே இருந்தது. 2018 அக்டோபர்ல சட்டம் போட்டு அதை எடுத்தாங்க. இப்ப சொல்லலாம், ஆனா கேட்டாத்தான் சொல்வாங்க. குட்ஆர்எக்ஸ்ங்கிற வெப்சைட்ல தள்ளுபடிக் கூப்பன் பாருங்க. 2022ல மார்க் கியூபன்ங்கிற தொழிலதிபர் ஆரம்பிச்ச காஸ்ட் பிளஸ் டிரக்ஸ் ஆன்லைன் கடையில கொள்முதல் விலைக்கு மேல 15 சதவீதம், அது போகக் கடைக் கட்டணம், தபால் செலவுன்னு பிரிச்சே காட்டுவாங்க. இப்படி வாங்கினது பொதுவா டிடக்டிபிள்ல சேராது, அதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இதைப் பத்தி என்கிட்ட கேட்டிருக்கிற சிலருக்குப் பதில்.

வேலை போயி இன்சூரன்சும் போனவருக்கு: கோபே கார்டு பொதுவா வேலைக்கு ஆகாது, அது தனியார் இன்சூரன்ஸ் உள்ளவங்களுக்கு. பெரிய மருந்துக் கம்பெனிகள் பலதுல 'பேஷண்ட் அசிஸ்டன்ஸ் புரோகிராம்' தனியா இருக்கு. வருமானம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தா மருந்தை இலவசமாவே அனுப்புவாங்க. டாக்டர் கையெழுத்தும் வருமானச் சான்றும் வேணும், சில வாரம் ஆகலாம். கடைசி அட்டை தீரும்வரை காத்திருக்காம இன்னைக்கே படிவத்தை இறக்குங்க. இன்சுலின்னா அவ்வளவு அலைச்சல் இல்லை: லில்லி கம்பெனி 2023 மார்ச்ல மாசம் 35 டாலர் உச்சவரம்பு அறிவிச்சுது, சனோஃபி, நோவோ நார்டிஸ்க்லயும் 35 டாலர் திட்டம் இருக்கு. ஆஸ்துமா இன்ஹேலருக்கு ஆஸ்ட்ராஜெனகா, போரிங்கர் இங்கெல்ஹெய்ம், ஜிஎஸ்கே மூணு பேரும் 2024, 25ல அதே 35க்கு வந்தாங்க. கடையில தானா வரலைன்னா பேரைச் சொல்லிக் கேளுங்க.

அப்பா அம்மாவுக்கு மெடிகேர் (வயசானவங்களுக்கான அரசாங்க இன்சூரன்ஸ்) எடுத்தவருக்கு: கோபே கார்டை மெடிகேர்ல தொடக்கூடாது, லஞ்சத் தடுப்புச் சட்டம் குறுக்கே நிக்கும். அதுக்கு ஈடா பார்ட் டிங்கிற மருந்துப் பகுதியில நாம கட்டுற செலவுக்கு வருஷ உச்சவரம்பு இருக்கு: 2025ல 2,000 டாலர், 2026ல 2,100. ஜார்டியன்சுக்கு மெடிகேர் பேரம் பேசி, 2026 ஜனவரியில இருந்து மாசம் 197 டாலர்னு முடிச்சிருக்கு. 2023ல அதோட பட்டியல் விலை 573. நம்ம மார்க்கெட் ஆச்சிகளை அனுப்பியிருந்தா இன்னும் இறங்கியிருக்கும்.

அங்கே மருந்துச் செலவு எப்படின்னு கேட்ட லண்டன் தங்கச்சிக்கு: உனக்கு இந்தத் தலைவலியே இல்லைம்மா. இங்கிலாந்துல ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட். சுகருக்கு மாத்திரையோ ஊசியோ போடுறவங்க விலக்குச் சான்று வாங்கினா அதுவும் கிடையாது. உங்க ஜிபிகிட்ட, அதாவது குடும்ப டாக்டர்கிட்ட, படிவம் கேளு.

ஊர் மாத்திரையைக் கொண்டு வரலாமான்னு கேட்ட துபாய் மச்சானுக்கு: கால் எரிச்சலுக்கு ஊர்ல பிரிகாபலின் எழுதுறாங்கல்லா, அது அமீரகத்துல கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிராமடாலும் அப்படித்தான். சீட்டும் முன் அனுமதியும் இல்லாம அம்மா பெட்டியில போட்டுக் கொடுத்துவிட வேண்டாம்.

"ஊர்ல இருந்தே வரவழைச்சா என்ன?"ன்னு கேட்ட எல்லாருக்கும்: கையில கொண்டு வர்றது வேற, கூரியர் வேற. பார்க்க வர்ற அப்பா அம்மா தங்களுக்கு வேண்டிய 90 நாள் மருந்தை, அட்டையோட, சீட்டோட கொண்டு வரலாம். உங்களுக்காகக் கூரியர்ல போடுறது பொதுவாச் சட்டப்படி இல்லை, கஸ்டம்ஸ்ல மாட்டினா பார்சலும் போச்சு, மாத்திரையும் போச்சு. தம்பி மாதிரி அதை நம்பி நாள் ஓட்டக் கூடாது.

அப்பா அம்மா கிளம்பும்போது ஊர் டாக்டர்கிட்ட ஒரு கடிதம் கேட்கச் சொல்லுங்க, பிராண்ட் பேர் இல்லாம மருந்துப் பேர் மட்டும் எழுதி. நம்ம பாராசிட்டமால் இங்கே அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் இங்கே ஆல்பியூட்டரால். அவசரத்துக்கு ஓடும்போது நர்சுக்கு நம்ம அட்டையில இருக்கிற பேர் விளங்காது. இன்சுலின் பெட்டியில போகக் கூடாது, விமானத்துச் சரக்கு அறைக் குளிர்ல உறைஞ்சிடலாம். கைப்பையில, ரெண்டாப் பங்கு வச்சு, ஒரு பங்கு அப்பாகிட்ட, ஒரு பங்கு அம்மாகிட்ட. அல்வா, முறுக்கெல்லாம் பெட்டியில போகட்டும்.