காரைக்கால் யார் கையில் இருக்கணும்: பாண்டியா, தமிழ்நாடா, தனியாவா?

அரசலாறு
நேத்து ஒரே ஒரு கையெழுத்துக்காகப் பாண்டி போயிட்டு வந்தேன். விடியக்காலை 4 மணி பஸ். தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர்னு வழி முழுக்கத் தமிழ்நாடு. 130 கிலோமீட்டருக்கு மேல அடுத்தவன் ஊரைத் தாண்டிப் போய், நம்ம "தலைநகர"த்துல இறங்கணும். ஆபீஸ்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "உங்க ஃபைல் போன வாரமே காரைக்காலுக்குத் திரும்பிப் போயிடுச்சே சார்."

பஸ்ல உட்கார்ந்து யோசிச்சதை இங்க கேக்குறேன். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகப்பட்டினம். பேச்சு, விவசாயம், கோயில், சம்பந்தம் எல்லாம் அவங்களோடதான். 1739ல தஞ்சாவூர் மராத்திய ராஜாகிட்டேர்ந்து பிரெஞ்சுக்காரன் வாங்கினான்ங்கிற ஒரே காரணத்துக்காக இன்னமும் பாண்டியோட ஒட்டிக்கிட்டு இருக்கணுமா? தமிழ்நாட்டோட சேர்த்துட்டா என்ன குறைஞ்சு போகும்?

பிஒய்_02
குறையறது என்னன்னு நான் சொல்றேன். 2011 கணக்கெடுப்புல நம்ம ஜனத்தொகை 2,00,222. திருநள்ளாறு, நெடுங்காடு, காரைக்கால் வடக்கு, தெற்கு, நிரவி-திருமலைராயன்பட்டினம்னு 5 எம்.எல்.ஏ. இருக்காங்க. சுமாரா 40,000 பேருக்கு ஒருத்தர். தமிழ்நாட்டுல 7 கோடியே 21 லட்சம் பேருக்கு 234. அதாவது ஒருத்தருக்கு 3 லட்சத்துக்கு மேல. அங்க போய்ச் சேர்ந்தா நமக்கு முழுசா ஒரு தொகுதிகூடத் தேறாது. நாகப்பட்டினத்தோடயோ பூம்புகாரோடயோ வால் மாதிரி ஒட்ட வைப்பாங்க.

இன்னிக்கு எங்க கொம்யூன் பஞ்சாயத்துல தெருவிளக்கு எரியலன்னா எம்.எல்.ஏ. வீட்டு வாசல்ல போய் நிக்கலாம், பேர் சொல்லிக் கூப்பிடலாம். அங்க போனா எம்.எல்.ஏ.வை போஸ்டர்லதான் பாக்கணும்.

அரசலாறு
பேர் சொல்லிக் கூப்பிடலாம், சரி. சட்டசபையில 30 பேர்ல 23 பேர் பாண்டிக்காரங்க. அதுக்கு மேல டெல்லி நியமிக்கிற 3 பேர் வேற. நம்ம 5 பேரும் கட்சி பாக்காம ஒண்ணா நின்னாக்கூட எதைத் தடுக்க முடியும்? தெருவிளக்குக்கு எம்.எல்.ஏ. வாசல்ல நிக்க வேண்டியிருக்குதே, அதுதாண்ணே என் புகாரே.

முத்தியால்பேட்டை
பாண்டிக்காரன்னு சொன்னதால எட்டிப் பாத்தேன். எங்களைத் திட்டுறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. இங்க உள்ளவங்களும் அதே கையெழுத்துக்குத்தான் அலையுறோம், என்ன, பஸ் டிக்கெட் கொஞ்சம் கம்மி. அமைச்சர் முடிவு பண்ணினாலும் ஃபைல் துணைநிலை ஆளுநரோட ராஜ்நிவாஸ் போய்த்தான் வரணும். வியாதி யூனியன் பிரதேசம்ங்கிற அமைப்புல இருக்கு. அதுக்குத்தான் மாநில அந்தஸ்து கேட்டு சட்டசபையில திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டுக்கிட்டு இருக்கோம். மத்திய நிதிக்குழு மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கிறப்ப நம்மளைக் கணக்குலயே எடுக்கிறதில்ல. அதை வாங்க ஒண்ணா சண்டை போடுவோம்னா, நீங்க பாதி வழியில இறங்கிப் போறேங்கிறீங்க.

அப்புறம் 1979 ஞாபகம் இருக்கா? மொரார்ஜி தேசாய் பிரதமரா இருந்தப்ப புதுச்சேரியைப் பக்கத்து மாநிலங்களோட சேர்த்துடலாம்னு சொன்னார். ஊரே கொதிச்சுப் போய் துப்பாக்கிச்சூடு வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் டெல்லியில எவனும் அந்தப் பேச்சை வெளிப்படையா எடுக்கல.

கொட்டுச்சேரி மருமகள்
நான் நாகூர்ல பொறந்து இங்க வாக்கப்பட்டவ. அண்ணன்மாருங்க எல்லாரும் சட்டசபை பத்தியே பேசுறீங்க, நான் அடுப்படியிலேர்ந்து சொல்றேன். என் அம்மா வீட்டுல ரேஷன் கடை திறந்திருக்கும், அரிசி வாங்குவாங்க. இங்க அரிசிக்குப் பதிலா பணம்னு சொல்லி ரேஷன் கடையை வருஷக்கணக்கா மூடி வச்சிருந்து 2024லதான் திறந்தாங்க. நாகையில டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் கிடையாது. வாஞ்சூர் செக்போஸ்ட்டைத் தாண்டினா நான் வேற நாட்டுக்காரி.

இந்தப் பக்கம் வசதி என்னன்னா, குடிக்கிறவங்களுக்கு மட்டும்தான். சாயங்காலம் ஆனா அந்தப் பக்கத்து ஆம்பளைங்க எல்லாம் இங்கதான். எங்க ஊரோட பேரே அப்படி ஆகிப் போச்சு. அம்மையார் பொறந்த ஊர்ங்க இது!

பிஒய்_02
தங்கச்சி, கோவம் நியாயம்தான். ஆனா அந்தச் சரக்கு வரிலதான் இந்த அரசாங்கத்தோட வண்டியில பெரிய பகுதி ஓடுது. தமிழ்நாட்டுல மட்டும் என்ன, கடையை அரசாங்கமே நடத்துது. பெட்ரோல் இங்க கம்மிங்கிறதையும் சொல்லணும்ல?

இன்னொண்ணு. திருவேட்டக்குடியில என்.ஐ.டி., ஊருக்குள்ள ஜிப்மர் கிளை, வேளாண் கல்லூரி. 2 லட்சம் பேர் இருக்கிற தமிழ்நாட்டு ஊர் ஒண்ணைக் காட்டுங்க இதெல்லாம் இருக்கிற மாதிரி. தனிப் பிரதேசமா இருந்ததாலதான் வந்துச்சு.

கடைமடை
விவசாயி ஒருத்தன் பேசலாமா. எல்லாரும் காவிரியை மறந்துட்டீங்க. 2007 நடுவர் மன்றத் தீர்ப்புல புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி.ன்னு தனியா எழுதியிருக்கு. 2018ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத் தொடல. பேர் புதுச்சேரின்னாலும் தண்ணி நமக்குத்தான், அங்க காவிரி போகாது. தமிழ்நாட்டோட சேர்ந்தா அந்த 7 அவங்க கணக்குல கரைஞ்சுடும். அப்புறம் நீ ஒரு தனித் தரப்பு இல்ல, ஆயிரம் கடைமடைல நீயும் ஒரு கடைமடை.

அரசலாறு
அண்ணே, நீங்களே சொல்லுங்க, காகிதத்துல உள்ள 7 வாய்க்கால்ல வந்து சேருதா?

கடைமடை
வராது. அரசலாறு, நாட்டாறு, நூலாறு எல்லாமே தமிழ்நாட்டு மதகு தாண்டித்தான் வரணும். அவன் திறந்தாத்தான் தண்ணி. பல வருஷம் விதை விட்டுட்டு வானத்தைப் பாத்துக்கிட்டு நின்னிருக்கேன். ஆனா வரலன்னா "எங்க 7 எங்கே"ன்னு கேக்க ஒரு தாள் இருக்கு தம்பி. அந்தத் தாளையும் கொடுத்துட்டா எதை வச்சுக் கேக்கிறது? உன் பக்கம் நியாயம் இல்லன்னு சொல்லல. இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்குக் கை நடுங்குது.

பழைய தாள்
நல்லா போகுது. சட்டப் பக்கம் இன்னும் யாரும் தொடவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

"1954லேயே மக்கள் முடிவு பண்ணியாச்சு" என்று இந்த மாதிரி விவாதத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள், அதற்கு முன்கூட்டியே பதில்: மக்கள் ஓட்டுப் போடவே இல்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடியது புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர். 170 பேர் இந்தியாவோடு சேர ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. எந்த மாநிலத்தோடு என்ற கேள்வியே அங்கே இல்லை. நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம். பிரெஞ்சு நாடாளுமன்றம் அதை ஏற்று, சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16.

அந்த ஒப்பந்தத்தின் 2ஆவது பிரிவு இந்தப் பகுதிகளுக்கு இருந்த தனி நிர்வாக நிலை தொடரும் என்கிறது. அதில் பின்னால் அரசியலமைப்பு மாற்றம் எதுவும் செய்வதாக இருந்தால் மக்கள் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது.

இப்போது வேடிக்கையைப் பாருங்கள். நம் அரசியலமைப்பின் 3ஆவது உறுப்புப்படி எல்லையை மாற்றுவது நாடாளுமன்றத்தின் கையில். பாதிக்கப்படும் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தை மட்டும் கேட்க வேண்டும். அந்த இடத்தில் "மாநிலம்" என்பதில் யூனியன் பிரதேசம் அடங்காது என்று விளக்கமே இருக்கிறது. ஆக, காரைக்காலைத் தமிழ்நாட்டோடு சேர்க்க சென்னைச் சட்டமன்றத்தைக் கேட்டே ஆக வேண்டும். புதுச்சேரிச் சட்டமன்றத்தைக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை. நம்மைக் கேட்கச் சொல்வது அந்தப் பழைய ஒப்பந்தம் ஒன்றுதான்.

முத்தியால்பேட்டை
ஐயா, வங்காளத்துல பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்த சந்திரநாகூர்ல என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க. அங்க எல்லாரும் ஓட்டுப் போட்டாங்களே.

பழைய தாள்
போட்டார்கள். 1949 ஜூனில், இந்தியாவோடு சேர ஏழாயிரத்துக்கு மேல் ஓட்டு, எதிராக 114. ஆனால் அதுவும் "இந்தியாவோடா, பிரெஞ்சு யூனியனிலா" என்ற கேள்விதான். 1954 அக்டோபர் 2 அன்று மேற்கு வங்கத்தோடு இணைத்தார்கள். இன்று ஹூக்ளி மாவட்டத்தில் ஒரு மாநகராட்சி. சுற்றிலும் வங்காளம், கல்கத்தா கூப்பிடு தூரம். அந்த ஊருக்கு அது இயல்பாக அமைந்தது.

மாநிலத்தோடு சேரலாமா என்று நேராகக் கேட்டது கோவாவில்தான். 1967 ஜனவரியில் மகாராஷ்டிராவோடு இணைய 1,38,170 பேர், தனியாக இருக்க 1,72,191 பேர். அங்கேயும் "பேச்சு ஒன்று, சம்பந்தம் ஒன்று" என்றுதான் இணைப்புக்காரர்கள் வாதாடினார்கள். ஓட்டு வேறு மாதிரி விழுந்தது.

அரசலாறு
அப்ப நமக்கும் அந்த மாதிரி ஒரு ஓட்டெடுப்பு வைங்கன்னுதான் நான் கேக்குறேன். காரைக்காலுக்கு மட்டும். பாண்டியைக் கலக்காம.

பிஒய்_02
வச்சா தோத்துடுவீங்க தம்பி.

அரசலாறு
தோத்தாலும் பரவால்ல. கேட்டாங்கன்னு இருக்கும்ல. பஸ்ல போறப்ப தரங்கம்பாடி கோட்டையைப் பாத்தேன். 1845ல டேனிஷ்காரன் அதையும் வங்காளத்துல இருந்த சேராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ் கம்பெனிக்கு வித்தான். அந்த ஊர் ஜனத்தை ஒரு வார்த்தை கேட்டானா? நம்ம கதை விலையில்லாத வியாபாரம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சொல்தா பேரன்
என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தவர், அங்கேர்ந்து பென்ஷன் வரும். அவர் சொல்லுவார், காரைக்கால்காரனுக்குப் பாரீஸ் தெரியும், பாண்டி தெரியும், மாயவரம் தெரியாதுன்னு. நான் மாயவரத்துலதான் வேலை பாக்குறேன் :)

எனக்கு மூணாவது வழி பிடிச்சிருக்கு. தனி யூனியன் பிரதேசம். லடாக்கை 2019ல தனியாப் பிரிச்சாங்களே.

முத்தியால்பேட்டை
லடாக் எல்லை, ராணுவம்னு வேற கணக்கு. டாமன்-டையூ, தாத்ரா-நகர் ஹவேலி ரெண்டையும் 2020ல ஒண்ணாக்கினாங்க, அதைப் பாருங்க. சின்னதை எல்லாம் சேர்க்கிற காலம் இது. அப்படியே தனியாக் கொடுத்தாலும் லடாக் மாதிரி சட்டசபை இல்லாமத்தான் கொடுப்பாங்க. இருக்கிற 5 எம்.எல்.ஏ.வும் போயிடும், டெல்லியிலேர்ந்து வர்ற ஒரு அதிகாரிக்கு வணக்கம் வச்சுக்கிட்டு நிக்கணும்.

கொட்டுச்சேரி மருமகள்
அப்போ மூணு பக்கமும் கதவு மூடியாச்சா? எனக்கு ஒண்ணு புரியல. மதராஸ் ஹைகோர்ட்தான் நமக்கும் கோர்ட். மீன்பிடித் தடைக்காலம் வந்தா நாகப்பட்டினத்துக்காரங்களோட நம்ம படகும்தான் கரையில நிக்குது. சேர்றதுக்கு முன்னாடியே பாதி சேர்ந்துதானே இருக்கோம்? அதிகாரத்தைச் சென்னைக்குத் தரவேணாம், இங்க இருக்கிற கலெக்டருக்கே தரலாமே. கையெழுத்துப் போடுற பேனாவை காரைக்காலுக்கு அனுப்புங்கன்னு கேட்டா, அதுக்கு நாடாளுமன்றமும் வேணாம், ஒப்பந்தமும் வேணாம்.

முத்தியால்பேட்டை
இதுக்கு நான் ரெண்டு கையும் தூக்குறேன்.

அரசலாறு
தூக்காதீங்கண்ணே. இதே பேச்சை என் அப்பா காலத்துலேர்ந்து கேக்குறேன். பேனாவைத் தானா விட்டுக்கொடுத்த தலைமைச் செயலகம் எங்கயாவது உண்டா? போயிடுவோம்னு ஒரு பயம் இருந்தாத்தான் அவங்க பேனாவையாவது அனுப்புவாங்க. இணைப்புங்கிற பேச்சை நான் விடாததுக்குக் காரணம் அதுவும்தான்.

பிஒய்_02
அப்படி வாங்க வழிக்கு! இணையணும்னு ஆசை இல்ல, மிரட்டணும்னு ஆசை.

அரசலாறு
ரெண்டும் இருக்கு. ஒளிக்கல.

கடைமடை
சரி தம்பி, அந்த ஃபைல் என்ன ஆச்சு?

அரசலாறு
இன்னிக்கு இங்க ஆபீஸ்ல போய்க் கேட்டேன். இன்னும் வந்து சேரலியாம். புதன்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க.