கோடை முடியுது, தக்காளி பச்சையாவே நிக்குது. என்ன செய்யலாம்?

வேலியோரம்:
நாலு செடியிலும் கொத்துக் கொத்தா காய். பெருத்தாச்சு, நிறம் மட்டும் மாறலை. ராத்திரி 11, 12 டிகிரிக்கு இறங்குது. நுனியில இன்னும் பூ வேற வைக்குது. உரம் போடலாமா? வெயில் படட்டும்னு இலையெல்லாம் கழிச்சு விடலாமா?

பச்சைக்கை:
உரம் வேண்டவே வேண்டாம். இப்போ தழைச்சத்து கொடுத்தா இலைதான் விடும். நுனிக் கொழுந்தைக் கிள்ளுங்க. பூவையும் சுண்டைக்காய் அளவுப் பிஞ்சையும் எடுத்துடுங்க. அதெல்லாம் பழுக்க ஆறேழு வாரம் ஆகும், அதுக்குள்ள உறைபனி வந்துடும். தண்ணியைக் குறைக்கலாம். ஆனா காயப்போட்டுட்டுத் திடீர்னு ஊத்தினா பழம் வெடிச்சுடும்.

மண்புழு:
இலையில கை வைக்காதீங்க, அடியில மஞ்சளானதை மட்டும் எடுங்க. பலர் நினைக்கிற மாதிரி காய் பழுக்க வெயில் படணும்னு இல்லை, வெதுவெதுப்பு போதும். சிவப்பைத் தர்ற லைகோபீன் 20–25 டிகிரியில நல்லா உருவாகும். 10-க்குக் கீழே போனா பழுக்கிறது கிட்டத்தட்ட நின்னுடும். (30-க்கு மேல போனாலும் சிவக்காது, கடுங்கோடையில ஆரஞ்சாவே நிக்கிறது அதனாலதான்.)

வேலியோரம்:
அப்போ பறிச்சு வீட்டுக்குள்ள வச்சா எல்லாமே பழுக்குமா?

பச்சைக்கை:
செங்காய் கண்டிப்பா பழுக்கும். பச்சைக் காயில முத்தினது மட்டும்தான். ஒண்ணை நறுக்கிப் பாருங்க. விதையைச் சுத்திக் கொழகொழன்னு இருந்து, கத்திக்கு விதை நழுவினா முத்தின காய். விதையும் சேர்ந்து வெட்டுப்பட்டா இளசு, அதை எவ்வளவு நாள் வச்சாலும் பிரயோஜனம் இல்லை. ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம அட்டைப் பெட்டியில அடுக்கி, கூட ஒரு வாழைப்பழம் போடுங்க. அதுல வர்ற எத்திலீன் வாயு வேலையைச் சீக்கிரமாக்கும். ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம்.

மண்புழு:
அடுக்கறதுக்கு முன்னாடி காம்புப் பக்கம் பாருங்க. குளிரும் ஈரமும் சேர்ந்தா இலைக்கருகல் வரும். பழுப்புத் திட்டு உள்ள காய் ஒண்ணு உள்ளே போனாலும் அழுகிப் பக்கத்துக் காயையும் கெடுக்கும். ரெண்டு நாளைக்கு ஒருதடவை பெட்டியைப் பார்த்துடுங்க.

வேலியோரம்:
நறுக்கிப் பார்த்தேன், விதை நழுவுது! திட்டு எதுவும் இல்லை. செடியைப் பிடுங்கின இடத்துல பூண்டு ஊனலாமா?

பச்சைக்கை:
தாராளமா. மண் உறையறதுக்கு மூணு நாலு வாரம் முன்னாடி, பல்லோட கூர்முனை மேலே இருக்கிற மாதிரி 5 செ.மீ. ஆழத்துல ஊனுங்க. மேலே காஞ்ச இலையை மூடாக்கா போட்டுடுங்க.